உரக்க அழுகிறவள்

மலையில் வெளிச்சம் மேலிருந்து வருவதில்லை. தேயிலைச் செடிகளின் அடியிலிருந்து வருகிறது. முதலில் பச்சை கொஞ்சம் வெளுக்கும். பிறகு மூடுபனி ஒரு முழம் எழும்பும். அதற்கும் பிறகுதான் வானம் என்று ஒன்று இருப்பது தெரியும்.

மழை நாட்களில் அதுவும் தெரியாது.

அப்படிப்பட்ட வெளிச்சத்தில், தினமும் காலை எட்டரை மணிக்கு, நான் மழையை அளக்கிறேன்.

எஸ்டேட் ஆபீஸில் எழுத்தர் வேலை எனக்கு. ஆபீஸ் வாசலில் முழங்கால் உயரக் கம்பிவேலிக்குள் ஒரு சின்னப் புல்தரை. நடுவில் மழைமானி. மேலே புனல், உள்ளே பாட்டில். நேற்று எட்டரையிலிருந்து இன்று எட்டரை வரை பெய்த மழை அந்தப் பாட்டிலில் இருக்கும். அதைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, குனிந்து, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, மழையைப் புல்லில் கொட்டிவிட வேண்டும்.

குவளை இருபது மில்லிமீட்டர்தான் கொள்ளும். ஜூலையில் ஒரே நாளில் இருநூறு பெய்யும். பத்து முறை ஊற்றிப் பத்து முறை கொட்ட வேண்டும். நடுவில் எண்ணிக்கை தப்பினால் போயிற்று. கொட்டிய மழை திரும்பி வராது. அதனால் வாய்விட்டு எண்ண வேண்டும்.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

நான் வாய்விட்டுப் பேசுகிற நேரம் பெரும்பாலும் அது ஒன்றுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பையோடு என் மகள் நிற்பாள். பெனிட்டா. என் ஒவ்வொரு எண்ணையும் பின்னாலேயே திருப்பிச் சொல்வாள். என்னைவிட உரக்க. கடைசியில் எண்ணை முழுதாகச் சொல்வேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு நடப்பாள். மழை அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

*

அவள் உரக்க. நான் மெல்ல.

பிறந்த நாளிலிருந்தே அப்படி. பிரசவ அறையில் அவள் அழுத சத்தம் கேட்டு, வெளியே நின்ற என் கணவர் ஆரோன் பயந்துபோய்க் கதவைத் தட்டினாராம். எனக்கு நினைவிருப்பது வேறு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கண்களை மூடிக்கொண்டேன். தூங்குகிறவளைப் போல.

ஒன்றரை வயதில் அழுது அழுது மூச்சு நின்றுபோகும். உதடு நீலமாகும். கை கால் விறைக்கும். பிறகு மலையே கேட்கிற மாதிரி மூச்சு திரும்பும். ஊரில் டாக்டரிடம் காட்டினோம். வியாதி எதுவும் இல்லை, சில பிள்ளைகளின் குணம் இது, வளர வளரப் போய்விடும், பயப்படாமல் பக்கத்தில் இருங்கள் என்றார்.

வியாதி இல்லை என்றது காதில் விழுந்தது. குணம் என்றது விழுந்தது. பக்கத்தில் இருங்கள் என்றது விழவில்லை.

பக்கத்து வீட்டுக் குருவம்மா அக்கா தேயிலை எடுக்கிறவர். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு எங்கள் வாசலைக் கடக்கும்போது சொல்வார்.

"ஏ சீலி, ஒம் மக அழுதா ஃபேக்டரி சங்கே வேணாம்டி. நாங்களா எந்திரிச்சு வேலைக்குக் கெளம்பிருவோம்."

நான் சிரிப்பேன். சத்தம் வராமல்.

*

நான் என் மகளை அடித்ததில்லை. ஒருமுறைகூட.

எங்கள் வரிசை வீடுகளில் பிள்ளைகளை அடிக்காத அம்மா நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை இருந்தது. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவேன். அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப்போய் நூலகத்தில் எடுத்து வந்த புத்தகம் ஒன்று எப்போதும் இருக்கும். அதை எடுத்து விரித்துக்கொள்வேன். சோறு போடுவேன். தலை பின்னுவேன். பேச மாட்டேன்.

என் அம்மாவும் அடித்ததில்லை. ஒருமுறை என்னிடம் பதினொரு நாள் பேசவில்லை. என்ன தவறு செய்தேன் என்பது மறந்துவிட்டது. பதினொன்று மறக்கவில்லை. அந்த நாட்களில்தான் நான் சத்தமில்லாமல் அழக் கற்றேன். புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்ளக் கற்றேன். என்னைப் பார்த்து எல்லோரும், எவ்வளவு அமைதியான பிள்ளை என்றார்கள்.

அம்மா என்னைப் படித்தாள். இந்தப் பிள்ளைக்குப் பேச்சை நிறுத்தினால் போதும் என்று தெரிந்துகொண்டாள். நானும் அம்மாவைப் படித்தேன். அழாமல் இருந்தால் பேச்சு திரும்பும் என்று தெரிந்துகொண்டேன்.

பெனிட்டா இந்தப் பாடத்தைப் படிக்க மறுத்தாள்.

நான் புத்தகத்தை விரித்தால் அவள் குரல் ஏறும். அவள் குரல் ஏறினால் நான் பக்கத்தைப் புரட்டுவேன். பக்கம் புரண்டால் தட்டு பறக்கும். தட்டு பறந்தால் மௌனம் இன்னொரு நாள் கூடும். எது முதலில் தொடங்கியது? அவள் சத்தமா, என் மௌனமா? பல மாலைகள் யோசித்திருக்கிறேன். மழை முதலா மூடுபனி முதலா என்று கேட்பதைப் போல இருக்கும்.

நடுவில் ஆரோன். ஃபேக்டரியில் தேயிலை வாடப்போடும் மாடியில் வேலை முடித்து, உடம்பெல்லாம் இலை வாசத்தோடு வருவார். அவர் வழியாகத்தான் வீட்டில் பேச்சு நடக்கும். பெனியிடம் குளிக்கச் சொல்லுங்கள். அம்மாவிடம் ரிப்பன் எங்கே என்று கேளுங்கள். ஒருநாள் அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, இந்த வீட்டுத் தபால்காரனுக்கு யூனிஃபார்ம் எப்போது தருவீர்கள் என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு பெனி தூங்கியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ ரெண்டு அடி குடுத்திருந்தா அவ அப்பவே மறந்திருப்பா, சீலி. இது எங்க போயி நிக்குதுன்னே தெரியல."

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

*

பிப்ரவரி. வானத்தில் ஒன்றுமில்லை.

கிளைகளைக் கழித்துக் கவாத்து முடிந்த தேயிலைக் காடுகள் குச்சி குச்சியாக நின்றன. பதிவேட்டில் நாற்பது நாளாகப் பூஜ்யம். மழைமானியைத் திறப்பேன், பார்ப்பேன், மூடுவேன். எண்ண எதுவும் இல்லை. வாய் திறக்க எதுவும் இல்லை. பெனி அப்போதும் வேலியருகே வந்து நிற்பாள். "இல்ல" என்பேன். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு போவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்றாம் வகுப்பில் கூடப் படிக்கும் குருவம்மா அக்காவின் பையன் கையைப் பெனி கடித்திருந்தாள். பல் பதிந்த இடம் கன்றியிருந்தது. டீச்சர் எல்லோர் முன்னாலும் என்னை நிற்க வைத்துப் பேசினார். ஏன் கடித்தாள் என்று நான் கேட்கவில்லை. வழியெல்லாம் கேட்கவில்லை. வீட்டிலும் கேட்கவில்லை.

பேச்சை நிறுத்தினேன்.

முதல் நாள் அவள் கத்தினாள். இரண்டாம் நாள் என் புத்தகத்தைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தாள். நான் எடுத்து, மடங்கிய தாளை நீவிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படித்தேன். மூன்றாம் நாள் அவள் அழவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். வீடு அமைதியாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று மாலை நிம்மதியாக நாற்பது பக்கம் படித்தேன்.

நான்காம் நாள் காலை எட்டரை. பளிங்கு மாதிரி வானம். மழைமானியைத் திறந்தேன்.

பாட்டிலில் தண்ணீர் இருந்தது.

குவளையில் ஊற்றினேன். குனிந்தேன். தண்ணீர் லேசாக மஞ்சளோடியிருந்தது. அதில் ஒரு சீரகம் மிதந்தது.

தினமும் காலையில் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை அவள் பள்ளிப் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பவள் நான்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். பாதி காலியான தண்ணீர்ப் பாட்டில் கழுத்தில் தொங்கியது. அழவில்லை. கத்தவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பிடித்தது மழை இல்லை.

எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் நினைத்தேன். நாக்கு எழவில்லை. மூன்று நாள் மூடிவைத்த வாயை எப்படித் திறப்பது என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கணத்தில்தான் என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். பதினொரு நாள். ஒருவேளை ஐந்தாம் நாளே அவளுக்கும் பேச வேண்டும் என்று இருந்திருக்குமோ.

"பதினொண்ணு புள்ளி நாலு" என்றேன். குரல் துருப்பிடித்த கதவுக் கீலைப் போல வந்தது.

பெனி தலையாட்டினாள். பையைச் சரி செய்துகொண்டு பள்ளிக்கு நடந்தாள்.

தண்ணீரைப் புல்லில் கொட்டினேன். பதிவேட்டில் பூஜ்யம் எழுதினேன். எழுதிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

*

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அன்று மாலையிலிருந்து அவளோடு பேசினேன். கடித்ததற்கான காரணமும் தெரியவந்தது. குருவம்மா அக்காதான் சொன்னார், சிரித்துக்கொண்டே. அவர் பையன்தான் முதலில் சீண்டியிருக்கிறான். உங்கம்மா ஊமையா என்று கேட்டிருக்கிறான்.

"ஊமைன்னதுக்குக் கடிச்சு வச்சிருக்கா. அவன் கேட்டதுலயும் தப்பில்ல, இவ கடிச்சதுலயும் தப்பில்ல" என்றார். "நீதான் ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும்."

ஆனால் பெனி அழுவதை நிறுத்தியிருந்தாள்.

அந்த வாரம் அழவில்லை. அடுத்த வாரமும் இல்லை. தலை பின்னும்போது சிக்கு இழுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டாள். கேட்டது கிடைக்காவிட்டால் சரி என்றாள். டீச்சர் என்னை வழியில் நிறுத்தி, பிள்ளை எவ்வளவோ மாறிவிட்டாள், என்ன செய்தீர்கள் என்று கேட்டார். வரிசையில் எல்லோரும் கேட்டார்கள். எவ்வளவு அமைதியான பிள்ளை.

அந்தச் சொற்களை எனக்குத் தெரியும். எனக்குச் சொன்ன அதே சொற்கள்.

மார்ச் மாதம் ஒரு மாலை. நான் வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் குறைந்து எழுத்து மங்கியதும் எழுந்து உள்ளே போனேன். அடுப்படியில் ஈரக் காலடிகள். குளியலறைக் கல்லில் அவளுடைய வெள்ளைச் சாக்ஸ், முறுக்கிப் பிழிந்து வைத்திருந்தது. பாதி சிவப்பாக.

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கெண்டைக்காலில் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. கத்தி முனை போல இருக்கும். குறுக்கு வழியில் ஓடி வந்து அதன் மேல் விழுந்திருக்கிறாள். என்னைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறாள். தானே கழுவியிருக்கிறாள். என் பழைய கைக்குட்டையை எடுத்துத் தானே கட்டியிருக்கிறாள்.

ஆறு வயது.

"ஏன்டா அம்மாகிட்ட சொல்லல?"

"நீ படிச்சிட்டு இருந்த."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. கோபம் இல்லை. வானிலை சொல்வதைப் போலச் சொன்னாள்.

ஆரோன் அவளைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். நான்கு தையல். ஊசி உள்ளே போகும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு மூடியிருந்தது. கண் ஒரு மூலையில் நிலைத்திருந்தது. கண்ணாடியில் நான் பார்த்துப் பழகிய முகம்.

கடவுளே, இவளை எனக்குத் திருப்பிக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். அந்தக் கத்தலை. அந்தத் தட்டு பறக்கிற சத்தத்தை. நான் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவைத்த எல்லாவற்றையும்.

*

பேசப் பழகுவது கடினம். முப்பத்து நான்கு வயதில் இன்னும் கடினம்.

முதலில் சின்னச் சின்னதாக. அரிசி களையும்போது, அரிசி களைகிறேன் என்று சொல்வேன். ஆரோன் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். கோபம் வந்தால் புத்தகத்தைத் தேடி நகரும் கையை, இழுத்து மடியில் வைத்துக்கொள்வேன். ஒருநாள் பெனி பாலைக் கொட்டிவிட்டாள். பழைய கதவு சாத்திக்கொள்ள வந்தது. காலை இடையில் வைத்துத் தடுப்பதைப் போலச் சொன்னேன்.

"அம்மாவுக்குக் கோவமா இருக்கு. ஆனா அம்மா இங்கதான் இருக்கேன்."

அவள் என்னை நம்பவில்லை. துணி எடுத்து வந்து துடைத்தாள்.

பிறகும் சொன்னேன். ஏப்ரலில் சொன்னேன். கோடை மழை இரண்டு நாள் வந்து போனது. மே மாதத்தில் சொன்னேன். சில நாள் தோற்றேன். பாதி நாள் மௌனத்துக்குள் போய்விட்டு, மதியம் வெட்கத்தோடு திரும்பி வந்து சொன்னேன். அம்மா போயிருந்தேன். வந்துட்டேன். பெனி ஒவ்வொரு முறையும் என் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள். மேகத்தைப் பார்த்து இது பெய்யுமா என்று நான் பார்ப்பதைப் போல.

தையல் பிரித்தாயிற்று. தழும்பு வெளுத்தது. அவள் அழவில்லை.

*

ஜூன் முதல் வாரம் தென்மேற்குப் பருவமழை பிடித்தது. பள்ளி திறக்குமுன் சீருடையும் ஷூவும் வாங்க, நானும் அவளும் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினோம்.

மலையிலிருந்து இறங்க நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. இறங்கும்போது நாற்பதிலிருந்து ஒன்றுக்கு வரும். பெனிக்கு ஜன்னலோரம் வேண்டும். பலகைகளைப் படித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு வாரமாகக் கேட்டு வைத்திருந்தாள். சரி என்று சொல்லியிருந்தேன்.

முப்பத்து ஒன்றாம் வளைவுக்கு முன்னால் வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி ஏறினாள். முகம் வெளிறியிருந்தது. குமட்டுகிறது, ஜன்னலோரம் கிடைக்குமா என்று கேட்டாள். நான் யோசிக்கவில்லை. பெனியை எழுப்பி நடுவில் உட்கார வைத்துவிட்டு அவளுக்கு இடம் கொடுத்தேன். பெனியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெனி சரி என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் கீழுதடு துடித்தது. ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பெய்யுமா, பெய்யாதா.

பிறகு பெய்தது.

பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். அதற்குள் மழை வலுத்து எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டிருந்தார்கள். அந்த இருட்டுப் பெட்டிக்குள் அவள் குரல் முட்டி மோதியது. சொன்னியே, சொன்னியே, நீ சொன்னியே என்று என் தோளில் இரண்டு கையாலும் அடித்தாள். ஜன்னலோரத்துப் பெண் பதறி எழப் பார்த்தாள். நீங்கள் உட்காருங்கள் என்றேன். முன் இருக்கையில் யாரோ, என்ன பிள்ளை வளர்ப்போ என்று முணுமுணுத்தார்கள். கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா, பாப்பாவ ஒரு அரட்டு அரட்டுங்க. டிரைவருக்கு ஹாரன் சத்தமே கேக்கல."

எத்தனை பேர் பார்வை. பழைய நானாக இருந்தால் முகத்தைத் திருப்பியிருப்பேன். கைப்பையில் புத்தகம் இருந்தது.

"அழட்டுங்க" என்றேன். "எங்கிட்டதான் அழுறா."

பெனியின் காதருகே குனிந்தேன்.

"சொல்லிட்டு மாத்திட்டேன். உங்கிட்ட கேட்டிருக்கணும். அழு. நான் இங்கதான் இருக்கேன்."

அழுதாள். பஸ் திரும்பித் திரும்பி இறங்கியது. ஜன்னலுக்காகத் தொடங்கிய அழுகை எங்கோ நடுவழியில் ஜன்னலை விட்டுவிட்டது. எத்தனை மாத அழுகை அது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். விக்கலுக்கு நடுவில் என் காதுக்குள் சொன்னாள்.

"அன்னிக்குக் காலு ரொம்ப வலிச்சுச்சும்மா."

மார்ச் மாதத்து வலி. ஜூன் மாதம் என்னிடம் வந்து சேர்ந்தது.

எனக்குள் ஏதோ உடைந்தது. முதலில் தொண்டையில் ஒரு சின்னச் சத்தம். அடக்கத் தெரிந்த சத்தம்தான், பதினொரு நாளில் பழகிய வித்தைதான். அடக்கவில்லை. விட்டேன். அது பெரிதாகி, வாய் வழியாக வந்து, பஸ்ஸில் எல்லோரும் கேட்கும்படி வெளியே போயிற்று. பெரிய மனுஷி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதேன்.

பெனி நிறுத்திவிட்டாள். தலையைப் பின்னுக்கு இழுத்து என்னைப் பார்த்தாள். இப்படி ஒரு சத்தம் என்னிடமிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

"ஏம்மா இவ்ளோ சத்தமா அழுவுற? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்டா."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் பாவாடை நுனியை எடுத்து என் கன்னத்தைத் துடைத்தாள். முரட்டுத்தனமாக. அவளுக்கு எதுவும் மெல்லச் செய்யத் தெரியாது.

"சரி, அழு" என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."

நான் கொடுத்த சொற்கள். ஏப்ரலில் நம்பாமல் வாங்கி வைத்துக்கொண்ட சொற்கள். நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தெரியும். ஆறு வருஷம் அவள் கத்திக் கத்தி என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். சாத்திய கதவை விடாமல் தட்டியிருக்கிறாள். என்னைப் போல இரண்டாம் நாளே அடங்குகிற பிள்ளையாக அவள் பிறந்திருந்தால், நான் அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நல்ல பெயரோடு செத்துப்போயிருப்பேன்.

நன்றி, என் உரத்த பிள்ளையே.

கீழே இறங்க இறங்க மழை மெலிந்தது. மலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டது. கண்டக்டர் ஒவ்வொரு இருக்கையாக வந்து ஷட்டர்களைத் தூக்கிவிட்டார். ஜன்னலோரத்துப் பெண் பெனியைத் தன் மடியோரம் இழுத்து, வா பாப்பா, ரெண்டு பேரும் பார்க்கலாம் என்றாள்.

பெனி வளைவுப் பலகையைத் தேடித் தலையை வெளியே நீட்டினாள். தூரத்தில் ஆழியாறு அணையின் தண்ணீர் தகதகத்தது. வெளிச்சம் பஸ்ஸுக்குள் கொட்டியது. எங்கள் நனைந்த முகங்களின் மேல், அறிமுகமில்லாதவர்களின் முழங்கால்களின் மேல்.

"ஒம்போது" என்று கத்தினாள்.

"ஒம்போது" என்றேன் நானும், உரக்க.